ஆறாத கரப்பானுக்கு ஈரத்துணிக் கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் கரப்பான் என்றும் ஆஸ்பத்திரியில் எக்ஸிமா, அடோபிக் டெர்மடைடிஸ் என்றும் சொல்லும் தோல் நோய் என் மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே உண்டு. தோல் டாக்டர் சொன்னபடி அவனுக்கு ஈரத்துணிக் கட்டு போட்டுப் பழகியதால், இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த க்ரீம், எத்தனை நாள் என்பதை உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஈரத்துணிக் கட்டு என்றால் என்ன?

குளித்து முடித்ததும் புண்ணான இடத்தில் டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு க்ரீமையும், மற்ற இடங்களில் மாய்ஸ்சரைசரையும் தடவ வேண்டும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அதற்கும் மேலே காய்ந்த துணி. இரண்டு மூன்று மணி நேரமோ, சில சமயம் இரவு முழுவதுமோ அப்படியே விடுகிறோம். அவ்வளவுதான்.

புதிதாக வந்த விஷயம் இல்லை இது. லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள், குழாய் வடிவ பேண்டேஜை வைத்து இதை எப்படிச் செய்வது என்று 1991-லேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்திலுள்ள நேஷனல் ஜூவிஷ் ஹெல்த் மருத்துவமனையில், கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இது முக்கியமான சிகிச்சை. பெற்றோரையும் உட்காரவைத்துக் கட்டப் பழக்கி அனுப்புகிறார்கள்.

வெறும் ஈரத்துணியில் அப்படி என்ன இருக்கிறது?

கரப்பான் உள்ள தோலின் மேலடுக்கு ஓட்டைக் கூரை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் நிற்காது. வெளியே இருக்கும் தூசும் சோப்பும் கிருமியும் தடையில்லாமல் உள்ளே வரும். இந்த மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருப்பதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தோல் காய்ந்து, அரித்து, சொறிந்து, சொறிந்ததால் மேலும் கிழிந்து, மறுபடி அரிக்கிற சுற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

கட்டு இந்தச் சுற்றைப் பல இடங்களில் உடைக்கிறது. துணியிலிருந்து தண்ணீர் மெல்ல ஆவியாகும்போது தோல் குளிர்கிறது, அரிப்பு அடங்குகிறது. மேலடுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மூடியிருப்பதால் க்ரீம் துடைபட்டுப் போகாமல், வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்குகிறது. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு துணியும் இருக்கிறது. தூக்கத்தில் சொறிகிற பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று, விடிந்ததும் படுக்கை விரிப்பில் ரத்தத் திட்டு பார்த்த பெற்றோருக்குத் தெரியும்.

க்ரீம் அதிகமாக உள்ளே இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டின் பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். கீழே நான் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

எந்த நிலைமையில் கட்டுப் போட வேண்டும்? எல்லாக் கரப்பானுக்கும் தேவையா?

தேவையில்லை. லேசான கரப்பானுக்குத் தினசரி மாய்ஸ்சரைசரும், அவ்வப்போது டாக்டர் தரும் க்ரீமும் போதும். சரியான க்ரீமை, சரியான அளவில், ஒழுங்காகப் போட்டும் அடங்காமல் சிவந்து, தடித்து, ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கட்டத்தில்தான் கட்டுக்கு வர வேண்டும்.

இதில் சரியான அளவு என்ற இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "க்ரீம் கேட்கவே இல்லை" என்று வருகிறவர்களிடம் ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்தது என்று கேட்டுப் பார்த்தால், சின்ன ட்யூப் மாசக்கணக்கில் ஓடியிருக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் நுனிக்கோட்டிலிருந்து முனை வரை ட்யூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, இரண்டு வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்துக்கு அது போதும். டாக்டர்களே பயன்படுத்தும் அளவு இது. மிளகளவு எடுத்து முழங்கால் முழுக்கத் தேய்த்தால் அது மருந்து போட்டதில் சேராது.

மாய்ஸ்சரைசருக்கும் இதே கதைதான். உடம்பு முழுக்கக் காய்ந்திருக்கும் குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகலாம். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் பாதிப் பேருக்கு, கட்டு வரை போகாமலே இந்த இரண்டையும் அளவோடு போட்டாலே அடங்கிவிடும் என்பது நான் பார்த்தவரை என் எண்ணம். முதலில் அதைச் செய்துபாருங்கள்.

இது கரப்பான்தான் என்று எப்படி நிச்சயம் செய்வது?

நீங்களாகச் செய்யாதீர்கள். ஆறாத திட்டு எல்லாம் கரப்பான் இல்லை. வட்டமாக, ஓரம் மேடாகச் செதில் விட்டு, நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை. அதன்மேல் ஸ்டீராய்டு போட்டு ஈரத்துணியும் கட்டினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். வீட்டில் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் அரிப்பு, ராத்திரியில் அதிகம், விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள் என்றால் சிரங்கை நினைக்க வேண்டும். சோரியாசிஸ் உண்டு. டை, செருப்பு, வாட்ச் பக்கிள் ஒத்துக்கொள்ளாமல் வரும் ஒவ்வாமையும் உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெடிக்கலில் போய்க் கேட்டால் எடுத்துத் தரும் அரிப்பு க்ரீம்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். போட்ட இரண்டு நாளில் சுகம் தெரியும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகும். இந்தியாவில் 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். இன்றும் அவை கையில் கிடைக்கத்தான் செய்கின்றன. அப்படி ஒன்றை ஏற்கெனவே போட்டிருந்தால் ட்யூபைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அந்த க்ரீம் நோயின் தோற்றத்தையே மாற்றிவிடும் என்பதால் அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

கட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

குழாய் பேண்டேஜ் கிடைத்தால் நல்லது. சர்ஜிக்கல் கடைகளிலும் ஆன்லைனிலும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும். கைக்கும் காலுக்கும் நுனி வெட்டிய பருத்தி சாக்ஸ். உடம்புக்கு முழுக்கை வெள்ளை பனியன், காலுக்கு பருத்தி லெக்கிங்ஸ். தையல் தோலில் உராயாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஈடு இணையில்லாதது பழைய வேட்டிதான். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து நூல் இளகி, பூப்போல இருக்கும். நாலு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்தால் முழங்காலுக்கும் முழங்கைக்கும் அருமையான பட்டி. சுத்தமான பருத்தியா என்று மட்டும் பாருங்கள். பாலியஸ்டர் கலந்த வேட்டி தண்ணீரை வைத்துக்கொள்ளாது, சூட்டையும் கிளப்பும். கரையையும் ஜரிகையையும் வெட்டிவிட வேண்டும்.

ஒருமுறை கட்டிய துணியைத் துவைக்காமல் மறுபடி கட்டக் கூடாது. வாசனை அதிகமில்லாத சோப்பில் துவைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை அலசி, வெயிலில் காயப்போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணி மிருதுவாக்கும் திரவம் வேண்டாம்.

சரி, எப்படிக் கட்டுவது?

முதல் தடவை டாக்டரோ நர்ஸோ கட்டிக் காட்டும்போது பார்த்துப் பழகுவது நல்லது. ஆனாலும் வீட்டில் நடக்கிறபடி சொல்கிறேன்.

மருத்துவப் புத்தகங்களில் பாத்டப்பில் 10 முதல் 15 நிமிஷம் ஊறச் சொல்வார்கள். நம் வீடுகளில் பாத்டப் எங்கே இருக்கிறது? கைக்குழந்தை என்றால் பிளாஸ்டிக் டப் போதும். பெரிய பிள்ளைக்கு வாளியும் மக்கும்தான். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் குளிக்கவைத்து, புண் இருக்கும் இடத்தில் மட்டும் நனைந்த துண்டைப் போட்டு, பத்து நிமிஷம் மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் ஊறின பலன் கிடைக்கும். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. சீயக்காய், பயத்தமாவு, வாசனை சோப் எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்ன சோப் இல்லாத க்ளென்சர் இருந்தால் அழுக்கு சேரும் இடத்துக்கு மட்டும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தோல் கொஞ்சம் நசநசவென்று இருக்கும்போதே மருந்தும் மாய்ஸ்சரைசரும் போய்விட வேண்டும். மூன்று நிமிஷத்துக்குள் என்று சொல்வது இதற்காகத்தான். தாமதித்தால் தண்ணீர் ஆவியாகி, தோல் முன்னைவிட அதிகமாகக் காய்ந்துபோகும். சிவந்து தடித்த இடத்தில் ஸ்டீராய்டு. நல்ல தோலில் கெட்டியான மாய்ஸ்சரைசர், தாராளமாக. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழைக்காதீர்கள். மயிர் வளர்ந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். குறுக்கே தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும்.

குளிக்கப் போகும் முன்பே துணிகளைத் தயாராக எடுத்துவைத்திருங்கள். மருந்து தடவிய பிள்ளையை நிறுத்திவிட்டு அலமாரியைத் துழாவினால் அது சுவரெல்லாம் ஈஷிவிடும். உள்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து சுற்றுங்கள். இறுக்கக் கூடாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் விரல் சுலபமாக நுழைய வேண்டும். கால் விரல்களும் கை விரல்களும் வெளியே தெரியட்டும். விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். மேலே காய்ந்த துணி. பிளாஸ்டிக் கவர், கிச்சனில் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் எதையும் மேலே சுற்றாதீர்கள். ஆவியாக வழியில்லாமல் போனால் குளிர்ச்சியும் போச்சு, மருந்தும் கட்டுக்கடங்காமல் உள்ளே போகும்.

முழங்கால் மடிப்பு மாதிரி மடங்கும் இடத்தில் பட்டி சுருண்டு கயிறாகிவிடும். காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே சாக்ஸை இழுத்துவிட்டால் நிற்கும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்?

பெரும்பாலும் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மணி நேரம். டாக்டர் சொன்னால் இரவு முழுவதும். உள்துணி காய்ந்துபோனால் ஒன்று அவிழ்த்துவிட வேண்டும், இல்லை ஸ்ப்ரே பாட்டிலால் நனைத்துவிட வேண்டும். காய்ந்த துணி தோலிலிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது புண்ணாகும். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். எடுத்ததும் மறுபடி மாய்ஸ்சரைசர்.

நாள் கணக்கு கறாரானது. சில நாள், அதிகபட்சம் இரண்டு வாரம். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதலும், ஸ்டீராய்டோடு உடம்பு முழுவதும் கட்டுவதை 7 முதல் 14 நாளோடு நிறுத்தச் சொல்கிறது. மூன்றாம் நாளே தோல் இறங்கி, பிள்ளை தூங்க ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம். நன்றாகக் கேட்கிறதே என்று மாசக்கணக்கில் இழுப்பதுதான் தப்பு.

ஸ்டீராய்டு இல்லாமல் மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுக் கட்டலாமா?

கட்டலாம், லேசான அரிப்புக்கும் வறட்சிக்கும் உதவும். ஆனால் சிவந்து தடித்த கடுமையான கரப்பானை அடக்குவது அடியில் இருக்கும் மருந்துதான். நெதர்லாந்தில் கடுமையான கரப்பான் உள்ள 39 குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு வீரியம் குறைத்துக் கலக்கிய மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மாய்ஸ்சரைசர் மட்டும், இரு தரப்புக்கும் மேலே ஈரக் கட்டு. 2014-ல் வந்த முடிவில் ஸ்டீராய்டுக் கட்டுதான் தெளிவாக முந்தியது.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. தோல் மெலிந்துவிடாதா?

பயத்தில் நியாயம் இருக்கிறது. வீரியமான க்ரீமை நீண்ட நாள், அதுவும் முகத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் போட்டால் தோல் மெலியும், வரி விழும். அதிகப் பரப்பில் கட்டி மூடினால் ரத்தத்தில் கலந்து, உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனையே குறைத்துவிடலாம். அதனால்தான் கட்டுக்குக் கீழே பெரும்பாலும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் போன்ற லேசானதையோ, வீரியம் குறைத்ததையோ எழுதுகிறார்கள். வீட்டில் இருக்கிறதே என்று க்ளோபெட்டசால் மாதிரி மிக வீரியமானதை எடுத்துக் குழந்தைக்குத் தடவிக் கட்டிவிடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் பயத்தின் மறுபக்கமும் உண்டு. க்ரீமுக்குப் பயந்து ஒதுக்கிய பல பிள்ளைகள் வருஷக்கணக்கில் தூங்காமல் இருக்கிறார்கள். தோல் தடித்துக் கறுத்து, பள்ளியில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் தயங்கி, படிப்பிலும் மனம் நிலைக்காமல் போகிறது. பொருத்தமான வீரியத்தில், குறிப்பிட்ட சில நாள், டாக்டர் கண்காணிப்பில் போடும் ஸ்டீராய்டைவிட அது பெரிய கெடுதல் என்று உறுதியாக நம்புகிறேன்.

எப்போது கட்டவே கூடாது?

தோலில் கிருமி ஏறியிருந்தால். தேன் நிறத்தில் பொருக்கு, சீழ், தொட்டால் சூடு, புதிதாக வலி, நெறிகட்டுதல், காய்ச்சல் இதெல்லாம் அடையாளம். கரப்பான் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். ஈரமும் மூட்டமும் கொடுத்தால் பெருகிவிடும். முதலில் அதற்கு வைத்தியம், அப்புறம்தான் கட்டு.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ஒரே அளவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, ஊசியால் குத்தியெடுத்த மாதிரி குழி விழுந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் கரப்பானில் பரவியதாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணைச் சுற்றி இருந்தால் இன்னும் வேகமாக.

அம்மை போட்டிருக்கும்போதும் கட்டு வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டாக்டர் நேரடியாகச் சொன்னாலொழிய தொடாதீர்கள். அவர்களுக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், மருந்தும் அதிகமாக ஏறும். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் என்ற ஆயின்ட்மென்ட் எழுதியிருந்தால் அதன்மேல் கட்டுப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். பொதுவாக அதை மூடிக் கட்டச் சொல்வதில்லை.

நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இது ஒத்துவருமா?

இந்தக் கட்டு வளர்ந்தது குளிர்நாடுகளில். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் துணி சீக்கிரம் காயாது, குளிர்ச்சியும் குறைவாகவே கிடைக்கும். வியர்வையும் சேர்ந்தால் வியர்க்குருவும் மயிர்க்கால் கொப்புளமும் வரும். அதனால் கோடையில் ராத்திரி முழுக்க விடுவதைவிட, சாயங்காலம் குளித்த பிறகு இரண்டு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே என்பது எனக்குப் பிடித்த முறை. உடம்பு முழுக்கக் கட்டாமல் அடங்காத கை, கால்களுக்கு மட்டும் போதுமா என்று கேட்டுப்பாருங்கள். ஏசி ரூமில் என்றால் இதற்கு நேரெதிர். குழந்தை நடுங்கும். ஏசியின் குளிரைக் குறைத்துவிட்டு, காய்ந்த மேல்துணியை இன்னொரு சுற்று போடுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் மார்கழியில் பகலில் கட்டுவதே நல்லது.

குழந்தை கட்டவே விடமாட்டேன் என்கிறதே?

முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் அழும். ஈரத்துணி பட்டதும் ஒரு நொடி சிலிர்க்கும், கீறல் இருந்தால் எரியும். துணி ஆறிப்போகாமல் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், பாதி அழுகை அதிலேயே நிற்கும். ஒரு காலில் மட்டும் ஆரம்பித்து, அரைமணி நேரம் வைத்துப் பழக்கலாம். பொம்மைக்கும் ஒரு கட்டு போடச் சொல்லுங்கள். கதை சொல்லவும் பாட்டுப் போடவும் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று நாளில் தானாகவே காலை நீட்டும். அரிப்பு குறைவது பிள்ளைக்கே தெரிந்துவிடும். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், வேப்பிலை, மஞ்சள் போடலாமா?

தேங்காய் எண்ணெயைப் பற்றி நல்ல செய்தி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் லேசான, மிதமான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு 8 வாரம் வர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் தேங்காய் எண்ணெயே மேலாக இருந்தது. வாசனை சேர்க்காத, சுத்தமான எண்ணெயாக இருந்தால் குளித்தபின் மாய்ஸ்சரைசராகப் போடலாம். கட்டுக்கு அடியில் போடும் அளவு கெட்டியான பசையாக அது நிற்காது என்பதால் அங்கே வெள்ளை பாரஃபின் கலந்த ஆயின்ட்மென்ட்தான் சௌகரியம். ஆலிவ் ஆயில் தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடும் என்று ஆய்வு இருப்பதால் அதை நான் சொல்வதில்லை.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்த விழுதுகளை நல்ல தோலில் போடுவது வேறு. கீறிப் பிளந்து நீர் கசியும் தோலில் பூசி, ஈரத்தோடு மூடிக் கட்டுவது வேறு. எரிச்சலும் கிருமியும் சேரும் என்பதால் கட்டுக்கு அடியில் இவை வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணீர்தான் காரணமா? ஃபில்டர் வைக்கலாமா?

உப்புத் தண்ணீரில் சோப் நுரைக்காது, அதனால் அதிகம் போடுவோம், தோல் காயும். அது உண்மை. ஆனால் பெரிய செலவில் தண்ணீரை மிருதுவாக்கும் இயந்திரம் வைத்தால் கரப்பான் இறங்குமா என்று இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று 2011-ல் எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்குங்கள்.

கத்திரிக்காய், கருவாடு, மீன் நிறுத்த வேண்டுமா?

வீட்டுப் பெரியவர்கள் இவற்றைக் கரப்பான் பண்டம் என்பார்கள். சில குழந்தைகளுக்கு முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றில் நிஜமான ஒவ்வாமை உண்டு. சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று தெரியும். அப்படி ஏதும் இல்லாமல் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனால் பிள்ளை இளைத்துவிடும், கரப்பான் அப்படியே இருக்கும். அத்தையோ பாட்டியோ வற்புறுத்தினால், டாக்டர் சொன்னதாகச் சொல்லிப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கட்டுப் போட்டபடி சமையலறைக்கு வரலாமா?

வேண்டாம். பலருக்குத் தெரியாத ஆபத்து இது. பாரஃபினோ எண்ணெயோ ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாக எரியும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எல்லாவகை மாய்ஸ்சரைசர்களுக்கும் சேர்த்தே இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது. துணி ஈரமாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள், ஓரங்கள் முதலில் காய்ந்துவிடும். கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி, கார்த்திகை அகல், தீபாவளி மத்தாப்பு எதன் பக்கத்திலும் கட்டோடு விடாதீர்கள்.

ஆய்வுகள் எல்லாம் இதை ஆதரிக்கின்றனவா?

எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. டென்வர் மருத்துவமனையில் 72 குழந்தைகளைப் பார்த்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சராசரியாக 50-லிருந்து 15-க்கு இறங்கியது. ஆனால் அங்கே கட்டு மட்டும் நடக்கவில்லை. குளிப்பு, மருந்து, பெற்றோருக்குப் பயிற்சி எல்லாம் சேர்ந்து, தினமும் நர்ஸ்கள் மேற்பார்வையில் நடந்தது. பிரிட்டனில் 50 குழந்தைகளை வைத்து 2006-ல் வந்த ஆய்வில், கட்டுப் போட்டவர்களும் வழக்கமான முறையில் க்ரீம் போட்டவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். கட்டுப் போட்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டதும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: க்ரீமை ஒழுங்காகப் போடுகிற வீட்டில், சாதாரணக் கரப்பானுக்குக் கட்டு பெரிதாக எதையும் கூட்டித் தராது. எதற்கும் அடங்காத கடுமையான கட்டத்தில், சொல்லித்தர ஆள் இருந்தால், கைகொடுக்கும்.

பெரியவர்களுக்குக் கணுக்காலில் யானைத்தோல் மாதிரி தடித்த திட்டுக்கு?

வருஷக்கணக்கில் ஒரே இடத்தைச் சொறிந்ததால் வருவது. கணுக்கால், பின்கழுத்து, முழங்கைக்குக் கீழ்ப்பகுதி வழக்கமான இடங்கள். அந்தத் திட்டில் மட்டும் டாக்டர் தரும் வீரியமான க்ரீம், மேலே ஈரப்பட்டி, அதன்மேல் சாக்ஸ் என்று ராத்திரியில் சில நாள் கட்டினால் தோல் இளகும், சொறியும் பழக்கமும் விடுபடும். சர்க்கரை நோயோ, காலில் ரத்த ஓட்டக் குறைவோ, வெரிகோஸ் நரம்போ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் காலில் எதையும் சுற்றக் கூடாது.

கட்டை நிறுத்தியதும் திரும்ப வந்துவிடுகிறதே?

வரும். கட்டு கரப்பானை அடக்கும், வேரோடு எடுக்காது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் தோலுக்கு அடியில் அழற்சி கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் நிறுத்திய மறுநாளே எல்லாவற்றையும் விட்டுவிடாமல், தினமும் இரண்டு வேளை மாய்ஸ்சரைசரைத் தொடர வேண்டும். அடிக்கடி திரும்பும் இடங்களில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்டீராய்டு க்ரீமோ டாக்ரோலிமஸோ போட்டுவரச் சில டாக்டர்கள் சொல்வார்கள். உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள், நல்ல பலன் உள்ள முறை.

இரண்டு வாரம் கட்டியும் அசையவில்லை என்றால்?

நிறுத்திவிட்டு டாக்டரிடம் திரும்பிப் போங்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோமா, கிருமி ஏறியிருக்கிறதா, பூஞ்சையா, க்ரீமே ஒத்துக்கொள்ளவில்லையா என்று அவர் மறுபடி பார்ப்பார். தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் சோதனை), ஒளிச் சிகிச்சை, நோய் எதிர்ப்பு வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் மருந்துகள் என்று அடுத்த படிகள் உண்டு. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசியும் இருக்கிறது, விலைதான் அதிகம். மாத்திரையாகத் தரும் ஸ்டீராய்டு சட்டென்று அடக்கும், நிறுத்தியதும் பல மடங்காகத் திரும்பும் என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

போகும்போது, கட்டுவதற்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் பகல் வெளிச்சத்தில் அதே இடத்தை எடுத்த ஃபோட்டோக்களைக் கொண்டுபோங்கள். இதுவரை போட்ட எல்லா ட்யூபுகளையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.